ட்ராக் பேண்ட் ஏன் நைட் டிரஸ் மாதிரி ஆகிவிடுகிறது?

"இதைப் போட்டுக்கிட்டா வெளியே கிளம்புற?" என்ற கேள்வி வீட்டில் எழாமல் ட்ராக் பேண்ட்டோடு வாசல் தாண்டியவர்கள் குறைவு. கேட்கிறவர் மேல் தப்பில்லை. காலையில் வாக்கிங், இரவில் படுக்கை, நடுவில் கறிவேப்பிலை வாங்கத் தெருமுனைக் கடை, அதுதான் ட்ராக் பேண்ட்டின் எல்லை என்று பழகிவிட்டோம். ஆனால் அதே ட்ராக் பேண்ட், காலர் டி-ஷர்ட், ஸ்னீக்கரை வைத்துக்கொண்டு கல்லூரிக்கும் ஆபீசுக்கும் சினிமாவுக்கும் எடுப்பாகவே போக முடியும். அதற்கு விலை கூடின பிராண்ட் தேவையில்லை. துணி எவ்வளவு கனம், பேண்ட் காலில் எங்கே முடிகிறது என்ற இரண்டையும் சரியாகப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கனம். திருப்பூரில் பனியன் துணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே "எத்தனை ஜிஎஸ்எம்?" என்றுதான் கேட்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு அது. கம்பெனிகளில் 100 சதுர செ.மீ. அளவுக்குத் துணியை வட்டமாக வெட்டித் தருகிற கட்டர் இருக்கும். அந்த வட்டத்தை எடை போட்டு நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். நாம் கடையில் துணியை வெட்ட முடியாது. ஆனால் ஆன்லைனில் வாங்கும்போது விவரத்தில் இந்த எண் இருக்கிறதா என்று தேடலாம். ஏற்கெனவே வீட்டில் இருப்பதைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். ஆண்கள் எம் சைஸ் அரைக்கை டி-ஷர்ட் 140 கிராமுக்குக் கீழே இருந்தால் அதை வீட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 170-ஐத் தாண்டினால் வெளியே போடத் தோதானது.

மெல்லிய துணி உடம்பின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே போட்ட பனியனின் விளிம்பு, இடுப்பு எலாஸ்டிக், பாக்கெட்டில் இருக்கிற சில்லறை எல்லாம் வெளியே அச்சாகத் தெரியும். நைட் டிரஸ் என்ற எண்ணம் பார்க்கிறவருக்கு வருவதே இதனால்தான். 180 ஜிஎஸ்எம் துணி தோளிலிருந்து நேராக விழும். ஓவர்சைஸ் டி-ஷர்ட் என்றால் 220-லிருந்து 240 வரை வேண்டும். 150 ஜிஎஸ்எம்மில் தைத்த ஓவர்சைஸ் டி-ஷர்ட் அண்ணனுடையதை எடுத்துப் போட்ட மாதிரிதான் இருக்கும். சென்னை வெயிலுக்கு 240 கனமில்லையா என்றால், ஆம், கனம்தான். ஆனால் உடம்போடு ஒட்டாமல் தளர்ந்து நிற்பதால் உள்ளே காற்று ஓடும். பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே திரிய அது வேண்டாம். மாலைக்கும் ஏசி இருக்கிற இடத்துக்கும் சரி.

ட்ராக் பேண்ட்டுக்கு இன்னும் கனம் வேண்டும். சிங்கிள் ஜெர்சி என்கிற சாதா பனியன் துணியில் தைத்த ட்ராக் பேண்ட்டை வெளியே போட நினைக்கவே வேண்டாம். உள்பக்கம் சின்னச் சின்ன வளையமாக இருக்கிற லூப் நிட் 240 ஜிஎஸ்எம், அல்லது இரண்டு பக்கமும் வழவழவென்று ஒரே மாதிரி இருக்கிற இன்டர்லாக் 220 ஜிஎஸ்எம், இந்த இரண்டில் ஒன்றைத் தேடுங்கள். கனத்துக்கு அடுத்த பிரச்சினை முட்டி. பின்னல் துணி வளையம் வளையமாகக் கோத்தது. உட்கார்ந்தால் முட்டியில் அந்த வளையங்கள் விரியும். பஞ்சு நூலுக்குத் தானாகத் திரும்பிச் சுருங்கும் குணம் குறைவு. அதனால் அரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து எழுந்தாலே முட்டி இரண்டும் உப்பி, நிற்கும்போதும் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். இதற்குத்தான் இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பிச் சுருங்குகிற லைக்ரா நூல் 4 அல்லது 5 சதவீதம் இருக்கிறதா என்று லேபிளில் பார்க்கச் சொல்கிறேன்.

லேபிளை நம்பாவிட்டால் கடையிலேயே சோதிக்கலாம். பேண்ட்டின் முட்டி வருகிற இடத்தை இரண்டு கையாலும் பிடியுங்கள். கட்டைவிரல் இரண்டையும் உள்ளிருந்து வெளியே தள்ளி, பத்து எண்ணும்வரை அப்படியே வைத்திருந்து விடுங்கள். துணி உடனே தட்டையானால் எடுக்கலாம். விரல் தள்ளிய இடத்தில் இரண்டு மேடு மிச்சமிருந்தால் அதையே நாளை உங்கள் முட்டியிலும் பார்ப்பீர்கள்.

லைக்ரா 1958-ல் அமெரிக்காவின் டுபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது. இறுக்கமான உள்ளாடைகளில் ரப்பருக்கு மாற்றாக வந்தது. ரப்பரைப் போலவே இதற்கும் சூடு ஆகாது, குளோரின் பிளீச்சும் ஆகாது. வெள்ளை ஜாகரை, அதாவது கணுக்காலில் பட்டி வைத்த ட்ராக் பேண்ட்டை, பளிச்சென்று ஆக்குகிறேன் என்று பிளீச்சில் ஊறவைத்தால் வெள்ளை திரும்பலாம், இழுவை போய்விடும். பிறகு இடுப்பும் முட்டியும் தொளதொளவென்று நிற்கும்.

கடைகளில் "என்.எஸ். லைக்ரா" என்று கேட்டால் கிடைக்கிற துணி வேறு ரகம். பாலியஸ்டரும் லைக்ராவும் சேர்ந்தது, நான்கு பக்கமும் இழுபடும், மினுமினுப்பில்லாமல் ஃபார்மல் பேண்ட் துணி மாதிரி விழும். ஆபீசுக்கு ட்ராக் பேண்ட் போல வசதியாக ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். அடர் நீலத்தில், கணுக்காலில் பட்டி இல்லாத நேர் காலாக எடுத்தால் நாலடி தள்ளி நிற்பவருக்கு அது ட்ராக் பேண்ட் என்றே தெரியாது. வியர்வை உறிஞ்சாது என்பது மட்டும் குறை.

அடுத்தது கால் முடிகிற இடம். துணி நன்றாக இருந்தும் கோட்டைவிடுவது இங்கேதான். ஜாகரின் பட்டி கணுக்கால் எலும்பின் மேல் உட்கார வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பட்டிக்கு மேல் துணி மூட்டையாகச் சேர்ந்துகொள்ளும், உயரம் இரண்டு அங்குலம் குறைந்த மாதிரி தெரியும். பட்டி இல்லாத நேர் கால் என்றால் விளிம்பு ஷூவின் மேல் தொட்டு நிற்கலாம், ஒரு மடிப்பு விழலாம், அதற்கு மேல் கூடாது. தொடையில் பக்கவாட்டில் கிள்ளிப் பார்த்தால் 3 செ.மீ. வரை துணி கையில் வர வேண்டும். ஒன்றும் வராவிட்டால் லெக்கிங்ஸ், ஆறு செ.மீ. வந்தால் பைஜாமா.

பக்கவாட்டில் கோடு போட்ட பேண்ட்டுக்கு இந்த அளவு இன்னும் கறாராக இருக்க வேண்டும். 1967-ல் அடிடாஸ் ஜெர்மனியின் கால்பந்து வீரர் ஃபிரான்ஸ் பெக்கன்பவர் பெயரில் மூன்று கோடு ட்ராக் சூட்டைக் கொண்டுவந்த காலத்திலிருந்து அந்தக் கோட்டின் அழகே இடுப்பிலிருந்து பாதம் வரை உடையாமல் ஓடுவதில்தான் இருக்கிறது. கால் நீளமாகத் தெரிவதும் அதனால்தான். கீழே துணி சேர்ந்து கோடு நெளிந்தால் கண் நேராக அந்த நெளிசலுக்குத்தான் போகும். நீளம் சரியில்லாதவர்கள் கோடு இல்லாத பேண்ட்டையே எடுக்கலாம்.

நீளத்தைக் குறைக்கத் தையல்காரரிடம் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை துவைத்துக் காயவையுங்கள். பஞ்சுப் பின்னல் துணி அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் சுருங்கும். 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம், 100 செ.மீ. நீளப் பேண்ட்டில் அது 5 செ.மீ. அமெரிக்காவின் சாம்பியன் கம்பெனி 1930-களில் ஸ்வெட்ஷர்ட் துணியை நெடுக்காக வெட்டாமல் குறுக்காகத் திருப்பி வெட்டித் தைக்க ஆரம்பித்ததே இந்த நீளச் சுருக்கத்துக்குப் பயந்துதான். வாங்கிய அன்றே ஆல்டர் செய்தால் மூன்றாவது துவையலில் பேண்ட் கெண்டைக்காலுக்கு ஏறிவிடும்.

தையல்காரரிடம் கேட்க வேண்டியதும் உண்டு. ஜாகர் என்றால் பட்டியைப் பிரித்து, மேலே துணியைக் குறைத்து, அதே பட்டியை மறுபடி ஓவர்லாக்கில், துணியோடு இழுபடுகிற தையல் போடும் மிஷினில், ஏற்றச் சொல்லுங்கள். கீழே மடித்து அடிப்பது அசிங்கம். சாதா மிஷினில் நேர் தையல் போட்டால், பாதத்தை உள்ளே நுழைக்கும்போது துணி இழுபடும், நூல் இழுபடாமல் பட்டென்று அறுந்துவிடும். ஊசியும் முக்கியம். சட்டைத் துணிக்குப் போடுகிற கூர் ஊசி பின்னல் வளையத்தைக் குத்தி அறுக்கும். தைத்த அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு துவையலில் தையலை ஒட்டி வரிசையாகப் பொடி ஓட்டைகள் வரும். நுனி உருண்ட பால் பாயிண்ட் ஊசி, 11-ஆம் நம்பர், வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இனி எதோடு எதைச் சேர்ப்பது. மேல், கீழ், பாதம் என்று மூன்று இடம். மூன்றிலும் விளையாட்டு உடை இருந்தால் மைதானத்துக்குப் போகிறவர் மாதிரி இருக்கும், அல்லது அங்கிருந்து வருகிறவர் மாதிரி. ஒன்றோ இரண்டோ போதும், மிச்சம் தறியில் நெய்த, இஸ்திரி போட்டால் மடிப்பு நிற்கிற துணியாக இருக்கட்டும். ஜாகருக்கு மேலே அரைக்கைக் காட்டன் சட்டை, பட்டன் போட்டு, உள்ளே விடாமல். அதன் விளிம்பு பேண்ட் பாக்கெட்டின் நடுவில் முடிய வேண்டும். கைத்தறிச் சட்டையின் சொரசொரப்பும் ஜாகரின் வழவழப்பும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது, இவர் யோசித்துத்தான் உடுத்தியிருக்கிறார் என்று தெரியும். மூன்றும் விளையாட்டு உடையாகவே வேண்டும் என்றால் மேலும் கீழும் ஒரே துணியில், ஒரே சாயத்தில் வருகிற செட்டாக எடுங்கள். வெவ்வேறு நாளில் வாங்கிய இரண்டு கறுப்பு ஒருபோதும் ஒத்துப்போகாது, ஒன்று சிவப்படித்திருக்கும், இன்னொன்று பச்சையடித்திருக்கும்.

காலர் டி-ஷர்ட்டை நாம் ஆபீஸ் உடையாகவே பார்க்கப் பழகிவிட்டோம், ஆனால் அது டென்னிஸ் உடை. முழுக்கைச் சட்டையோடு விளையாடிக்கொண்டிருந்த காலத்தில், 1926-ல், பிரெஞ்சு வீரர் ரெனே லகோஸ்த் அரைக்கைப் பின்னல் சட்டையோடு அமெரிக்கப் போட்டியில் இறங்கினார். பீகே என்கிற அந்தத் துணியில் குட்டிக் குட்டிக் குழிகள் இருக்கும். மேடுகள் மட்டுமே தோலைத் தொடும், குழிகளில் காற்று நிற்கும். நம் புழுக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பின்னல் எனக்குத் தெரிந்து இல்லை. 200-லிருந்து 220 ஜிஎஸ்எம் பீகே, 100 சதவீதம் பஞ்சு, இதுவே போதும். பின்விளிம்பு முன்விளிம்பைவிட நீளமாக இருந்தால் அது உள்ளே விட்டுப் போடுவதற்கான வெட்டு. குனிந்து பந்தை அடிக்கும்போது வெளியே வராமல் இருக்கச் செய்தது. வெளியே விட்டுப் போடுபவர்கள் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதை எடுங்கள். முன்னால் ஒரு லோகோ இருக்கலாம், கட்டைவிரல் நக அளவுக்கு. நெஞ்சு முழுக்கப் பெயர் எழுதியிருந்தால் மற்ற எல்லாம் அதற்குப் பின்னால் போய்விடும்.

ஐபிஎல் நாட்களில் சேப்பாக்கத்துக்குப் போடுகிற மஞ்சள் ஜெர்சிக்கும் இதே கணக்கு. ஜெர்சியே கத்துகிறது, அதனால் கீழே ஜீன்ஸ் அடர் நீலத்தில், கிழிசல் இல்லாமல், ஷூ வெள்ளையில். முதுகில் பெயரும் எண்ணும் ஒட்டியிருந்தால் உள்பக்கம் திருப்பிப் போட்டுத் துவையுங்கள். இஸ்திரிப் பெட்டி அதன் மேல் நேராகப் படவே கூடாது, எண் உருகிப் பெட்டியோடு வந்துவிடும்.

நிறத்தை வியர்வையை வைத்து முடிவு செய்ய வேண்டிய ஊர் நம்முடையது. துணி நனைந்தால் கருக்கும். ஏற்கெனவே கருப்பாக இருப்பதில் அது தெரியாது, வெள்ளையிலும் அவ்வளவாகத் தெரியாது. நடுவில் இருக்கிற நிறங்களில்தான் அக்குளும் முதுகும் வரைபடம் போட்டுக் காட்டும். அதில் முதல் இடம் கிரே மெலாஞ்சுக்கு, அந்தப் புள்ளிச் சாம்பல் நிறத்துக்கு. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் சென்னையில் ஏப்ரலில் அதை மேலே போடாதீர்கள், பேண்ட்டாகப் போடுங்கள். கருப்பு டி-ஷர்ட்டில் காய்ந்த பிறகு உப்புக்கோடு வெள்ளையாக நிற்கும் என்பதையும் நினைவில் வைக்கவும். வியர்வை ஈரம் அடர் நீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது.

பெண்களுக்கு இந்த உடை குர்த்தியோடும் சேலையோடும் சேரும்போதுதான் மிக அழகாக இருக்கிறது என்பது என் எண்ணம். முட்டிக்குக் கொஞ்சம் மேலே முடிகிற நேர்வெட்டு காட்டன் குர்த்தி, பக்கவாட்டுப் பிளவு இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை, அதற்குக் கீழே கணுக்கால் தெரிகிற நேர் கால் பேண்ட், வெள்ளை ஸ்னீக்கர். துப்பட்டா வேண்டாம், அல்லது ஒரு தோளில் மட்டும். ஸ்னீக்கரோடு சுருக்கம் விழுகிற சுடிதார் பேண்ட் போட்டால் சுருக்கமும் ஷூவின் தடித்த வாயும் ஒன்றோடொன்று சண்டை போடும். லெக்கிங்ஸ் வாங்கும்போது உள்ளங்கையை உள்ளே விட்டு விரித்துப் பாருங்கள், ரேகை தெரிந்தால் குனியும்போதும் தெரியும். 

சேலைக்கு ஸ்னீக்கர் போடுகிறவர்கள் செய்கிற ஒரே பெரிய தப்பு, சேலையைக் கட்டிவிட்டு ஷூவை மாட்டுவது. ஷூவின் அடி 3 செ.மீ. இருக்கும். வெறுங்காலில் தரையைத் தொடக் கட்டிய சேலை, ஷூ போட்டதும் 3 செ.மீ. தூக்கிக்கொண்டு, அளவு தெரியாமல் கட்டியது மாதிரி நிற்கும். ஷூவை மாட்டிக்கொண்டு, பாவாடை நாடாவை அப்போது முடிந்து, பிறகு கட்ட வேண்டும். முன்கொசுவத்தின் விளிம்பு ஷூவின் நுனியை மட்டும் வெளியே விட்டு, தரையை உரசாமல் நிற்கட்டும். கஞ்சி போட்ட செட்டிநாட்டுக் காட்டன் கட்டம் இதற்கு அமைவது போல வேறெதுவும் அமையாது. துணிக்கு விறைப்பு இருப்பதால் ஷூவின் தடிமனுக்கு ஈடுகொடுக்கிறது. மெல்லிய ஷிஃபான் ஷூவின் மேல் விழுந்து லேசில் சிக்கும். பட்டுக்கு ஸ்னீக்கர் எனக்கு உடன்பாடில்லை. ப்ளவுசுக்குப் பதிலாக வட்டக் கழுத்து டி-ஷர்ட் போடுவதானால் லைக்ரா கலந்ததாக, உடம்போடு பிடிப்பதாக இருக்கட்டும். தொளதொளத்தால் மாராப்பின் மடிப்பு நிற்காது.

இன்னொன்று, நம் வீடுகளில் ஷூ வாசலோடு நின்றுவிடும். கோயிலிலும் அப்படித்தான். ஷூவை நம்பி உடுத்திய உடை, ஷூ போனதும் சாக்ஸை நம்பி நிற்க வேண்டியிருக்கிறது. பெருவிரல் எட்டிப் பார்க்கிற சாக்ஸோடு யார் வீட்டுக் கூடத்திலும் உட்கார முடியாது. ஷூவுக்குள் மறைகிற நோ-ஷோ சாக்ஸின் குதிகாலில் உள்பக்கம் சிலிக்கான் பட்டை இருந்தால்தான் நழுவாமல் நிற்கும். நாளுக்கு நாலு இடத்தில் கழற்றி மாட்டுகிறவர்கள் சாதா லேஸை எடுத்துவிட்டு எலாஸ்டிக் லேஸ் கோத்துக்கொள்ளலாம். லேஸை அவிழ்க்காமல் பாதத்தைத் திணித்துத் திணித்துத்தான் பலருடைய ஷூவின் குதி மடிந்து செருப்பாகிவிடுகிறது. ஷூவை மாலையில் வாங்குங்கள், பகலெல்லாம் நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும்.

துவைப்பதில் வருகிற புகார் பெரும்பாலும் நாற்றம். பஞ்சு தன் எடையில் 8 சதவீதத்துக்கு மேல் ஈரத்தைக் காற்றிலிருந்தே பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு அது அரை சதவீதம்கூடக் கிடையாது. அதனால்தான் சீக்கிரம் காய்கிறது. ஆனால் தோலின் எண்ணெய்ப் பிசுக்கை அது விடாமல் பிடிக்கும், நாற்றம் அதில்தான் குடியிருக்கிறது. துவைத்து மடித்த டி-ஷர்ட் போட்ட பத்தாவது நிமிடத்தில் நாறுவது இப்படித்தான். 5 லிட்டர் தண்ணீரில் 50 மி.லி. வெள்ளை வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, பிறகு வழக்கம் போலத் துவையுங்கள். பிளீச்சோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். வாசனைக்காகக் கடைசியில் விடுகிற ஃபேப்ரிக் கண்டிஷனர் துணியின் மேல் மெழுகு போலப் படிந்து வியர்வை பரவுவதைத் தடுக்கும், விளையாட்டுத் துணிக்கு அது வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் அலசுவதைக் கூட்டுங்கள்.

காயப்போடும்போது ஈர டி-ஷர்ட்டை ஹேங்கரில் மாட்டினால் தண்ணீரின் கனம் இழுத்து இரண்டு தோளிலும் கொம்பு முளைக்கும். உள்பக்கம் திருப்பி, நடுவில் மடித்துக் கொடியில், நிழலில். வெள்ளை ஷூவைக் கழுவினால் சோப்பு முழுக்கப் போகும்வரை அலசி, மேலே வெள்ளை டிஷ்யூ பேப்பரைச் சுற்றி நிழலில் வையுங்கள். மிச்சமிருக்கிற சோப்பு வெயிலில் மஞ்சளாகத் திட்டு விடும்.

நல்ல ஷூ கெட்டுவிடும் என்று பெட்டியிலேயே பூட்டி வைப்பவர்களுக்கு ஒன்று. பாலியூரித்தேன் என்கிற நுரை பிளாஸ்டிக்கில் அடி உள்ள ஷூ, காற்றின் ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே சிதையும். கடலோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். நாலைந்து வருடம் பெட்டியில் இருந்ததை எடுத்துக் கல்யாணத்துக்குப் போட்டால், மண்டபத்தில் நடக்க நடக்க அடி கேக் மாதிரி உதிரும். ஒட்ட முடியாது. மாதத்துக்கு இரண்டு முறையாவது போட்டு நடங்கள், மற்ற நாளில் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் காற்றுப் படுகிற அலமாரியில் வையுங்கள்.